14 வருஷம் கழிச்சு வந்த நண்பர், ஜிபேயில் 18,000 கேட்கிறார்

பணத்தை அனுப்பாதீங்க. ராத்திரிக்குள்ள வேணும்னு அவர் விரட்டுறதே சந்தேகப்படப் போதும்.

ஸ்கூல்ல கூடப் படிச்சவர் ஃபேஸ்புக்ல திடீர்னு வந்து, மூணே வாரத்துல காதல் வரைக்கும் பேசி, பெசன்ட் நகர் பீச்சுக்கு ரெண்டு தடவை வரச் சொல்லி ரெண்டு தடவையும் வரலைங்கிறீங்க. (ஷ்மிட் நினைவுச் சின்னம் பக்கத்துல சுண்டல் பொட்டலத்தோட ஒரு மணி நேரம் நின்னேன்னு எழுதினதைப் படிச்சப்போ கஷ்டமா இருந்துச்சு.) பேரும் போட்டோவும்தான் உங்க நண்பரோடது, கணக்கு வேற யாரோடதோன்னு நினைக்கிறேன். ஊரு, டீச்சர் பேரு, குரூப் போட்டோ எல்லாம் பழைய பதிவுகள்லயே கிடைச்சிடும்.

1. அவர் கொடுத்த யுபிஐ ஐடியைப் போட்டுப் பாருங்க. பின் நம்பர் போடுறதுக்கு முன்னாடியே கணக்குக்காரர் பேரு திரையில வரும். அதோட நிறுத்திடுங்க. வேற பேருன்னா, "அது என் மச்சான் அக்கவுண்ட்"ம்பார்.

2. நடக்காத ஒண்ணைக் கேளுங்க. "டென்த்துல ஏற்காடு டூர் போனப்போ நீ பஸ்ஸை விட்டியே?" டூரே போகலைன்னா, நிஜ ஆள் முழிப்பார். போலி, "மறக்க முடியுமா!"ன்னு உருகும்.

வீடியோ காலை மட்டும் நம்பிடாதீங்க, முகத்தையே போலியா காட்டுறாங்க இப்போ. ஒருவேளை நிஜமாவே அவராகவும் இருக்கலாம். பழைய கிளாஸ்மேட் யார்கிட்டயாவது நம்பர் வாங்கி நேராக் கூப்பிட்டுடுங்க.

ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க. பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள முடக்க வாய்ப்பிருக்கு. அவரோட பேசின சாட் மெசேஜ்களை அழிச்சிடாதீங்க, கோபத்துல அதைத்தான் முதல்ல செய்யத் தோணும்.