எந்த நாட்டுக் கமாண்டோ கில்லாடி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிங்கப்பூரின் தேசிய சேவை (என்எஸ் என்கிற கட்டாய ராணுவப் பணி) பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கு இத்தனை கேள்வி வந்து குவியும் என்று நினைக்கவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என்எஸ்ஸில் ஸ்டோர்மேன், அதாவது சாமான் கிடங்குக்காரன். என் பொறுப்பில் இருந்த ஹெல்மெட் ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதுதான் என் ராணுவ சாதனை. ஆகவே படித்ததையும், கமாண்டோவாகிச் சிவப்புத் தொப்பி வாங்கிய நண்பர்கள் சொன்னதையும் வைத்துத்தான் பதில்.

கேள்வி: சனிக்கிழமை ஆனால் கோப்பிக்கடையில் எங்கள் நாலு பேருக்கும் இதே சண்டை. ஒருவர் அமெரிக்க சீல் என்கிறார், ஒருவர் பிரிட்டனின் எஸ்ஏஎஸ், இன்னொருவர் இஸ்ரேல். நான் இந்தியாவின் பாரா கமாண்டோ கட்சி. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். – ஈசூன் வாசகர்

பதில்: கோப்பி மட்டும் இல்லை, கூடவே காயா ரொட்டி வாங்கிக் கொடுத்தாலும் தீர்ப்பு வராது அண்ணே. கட்டுமரக்காரரையும் மலையில் தேன் எடுப்பவரையும் பக்கத்தில் நிறுத்தி யார் பெரிய ஆள் என்று கேட்டால் என்ன சொல்வது? சீல் கடலில் பிறந்த படை. இந்தியப் படைக்கு வடக்கே பனிமலை, வடகிழக்கே காடு. மிசோரமில் வைரெங்தே என்ற இடத்தில் இருக்கும் அவர்களுடைய காட்டுப் போர்ப் பள்ளிக்கு வெளிநாட்டுப் படைகளே வந்து கற்றுக்கொண்டு போகின்றன. இஸ்ரேல்காரர்கள் 1976இல் உகாண்டாவின் என்டெபி வரை பறந்து போய் நூற்றுக்கும் மேற்பட்ட பிணைக்கைதிகளை மீட்டார்கள், அதில் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரே இறந்தார். அதற்கு அடுத்த வருடம் சோமாலியாவின் மொகடிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்சா விமானத்துக்குள் புகுந்து பயணிகளை மீட்ட ஜெர்மனியின் ஜிஎஸ்ஜி 9 ராணுவமே கிடையாது, போலீஸ். இவர்களை எல்லாம் எந்தத் தராசில் வைப்பது?

உங்கள் நண்பர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. எஸ்ஏஎஸ் 1941இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டேவிட் ஸ்டெர்லிங் தொடங்கியது, போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். அது மறுபடி உயிர் பெற்றது எங்கே தெரியுமா? மலாயாவில். 1950இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களைத் தேடிக் காட்டுக்குள் வாரக்கணக்கில் இருக்கக்கூடிய ஒரு படை தேவைப்பட்டது, 'மலாயன் ஸ்கௌட்ஸ்' என்று ஆரம்பித்தார்கள், அதுதான் 1952இல் இன்றைய 22ஆம் எஸ்ஏஎஸ் ஆனது. பத்து வருடம் கழித்து சார்லஸ் பெக்வித் என்ற அமெரிக்க அதிகாரி எஸ்ஏஎஸ்ஸோடு சேர்ந்து பழக வந்தார், அதே மலாயாக் காட்டில் எலிக்காய்ச்சல் வந்து சாகப் பிழைக்கக் கிடந்தார், ஊருக்குத் திரும்பி 'நமக்கும் இப்படி ஒரு படை வேண்டும்' என்று வருடக்கணக்கில் மேலதிகாரிகளை நச்சரித்து 1977இல் டெல்டா ஃபோர்ஸை உருவாக்கினார். மொகடிஷுவில் ஜெர்மன்காரர்களோடு இரண்டு எஸ்ஏஎஸ் ஆட்களும், அவர்கள் கொண்டுவந்த சத்த வெடிகளும் இருந்தன. எல்லாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளர்ந்த பங்காளிகள்தான். நீங்கள் காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம், மலாயாவில் விளைந்த சரக்குக்காகத்தான் சண்டை போடுகிறீர்கள்.

கேள்வி: அடுத்த மாதம் என்எஸ் அடிப்படைப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவு போகிறேன். யூடியூபில் அமெரிக்க சீல் படையின் 'ஹெல் வீக்' பார்த்துவிட்டு நண்பர்களோடு ஈஸ்ட் கோஸ்ட் கடலில் விடியற்காலை இறங்கிப் படுத்துப் பார்த்தோம். உலகத்திலேயே கடினமான பயிற்சி அதுதானே? – தெம்பனிஸ் வாசகர், வயது 18

பதில்: தம்பி, முதலில் கடலைவிட்டு வெளியே வாருங்கள். அது பயிற்சியே இல்லை, புடைப்பது. பாட்டி சுளகில் அரிசியைப் புடைத்தால் அரிசி ருசியாகிவிடுமா? பதரும் கல்லும் போகும், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவின் கொரோனாடோவில் நடக்கும் சீல் தேர்வு 24 வாரம். அதில் ஐந்தரை நாள் ஹெல் வீக், அந்த ஐந்தரை நாளுக்கும் சேர்த்து நாலு மணி நேரம் தூக்கம் கிடைத்தால் பெரிது. முடியாதவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு மணியை அடித்துவிட்டுப் போகவேண்டும். பத்துப் பேர் உள்ளே போனால் ஏழெட்டுப் பேர் கடைசிவரை வருவதில்லை. எஸ்ஏஎஸ் கதை நேர்மாறு. வேல்ஸ் மலைகளில் முதுகில் 25 கிலோவுக்குக் குறையாத மூட்டை, கடைசி நாளில் 64 கிலோமீட்டர், 20 மணி நேரக் கெடு. அங்கே யாரும் கத்துவதில்லை, 'சபாஷ்' என்பதும் இல்லை, 'நீ தேறமாட்டாய்' என்பதும் இல்லை. அடுத்துப் போகவேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். நம் கமாண்டோக்கள் சிவப்புத் தொப்பிக்கு 72 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ரஷ்யத் தேசியக் காவல் படையில் கருஞ்சிவப்புத் தொப்பி வேண்டுமென்றால் மூட்டையோடு ஓடிக் களைத்த பிறகு, மாறி மாறி வருகிற ஆட்களோடு 12 நிமிடம் குத்துச்சண்டை போட்டு நிற்கவேண்டும். (வேறு தொழிலே கிடைக்கவில்லையா என்று ஸ்டோர்மேனுக்குத் தோன்றத்தான் செய்கிறது.)

கவனியுங்கள், ஹெல் வீக்கோ இந்த நடைகளோ வித்தை கற்றுக்கொடுப்பதற்காக இல்லை. 'அடிபட்டாலும், தூங்காவிட்டாலும், யாரும் பாராட்டாவிட்டாலும் இவன் யோசிப்பானா' என்று பார்க்கிறார்கள். பயிற்சி அதற்கு அப்புறம்தான், அதைப் படம்பிடித்தால் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஒரே அறைக்குள் ஒரே கதவு வழியாக நூறு தடவை, ஆயிரம் தடவை நுழைவது. எதிரி பொம்மைக்குப் பக்கத்திலேயே பிணைக்கைதி பொம்மையை வைத்துச் சரியானதை மட்டும் சுடுவது. அமெரிக்காவின் பச்சைத் தொப்பிப் படைக்கு வேற்று மொழி கற்பது பாடத்திலேயே இருக்கிறது. போகிற ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி அவர்களையே படையாக்குவதுதான் அவர்கள் வேலை, அதற்குத் தண்டால் மட்டும் போதாது பாருங்கள்.

தெக்கோங்குக்கு என்ன செய்யலாம் என்றால், வாரத்தில் மூன்று நாள் ஓடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள், நல்ல காலுறை நாலு ஜோடி வாங்குங்கள். என் நண்பர்களில் பாதிப் பேரைத் தோற்கடித்தது கால் கொப்புளம்.

கேள்வி: என் ஒரே மகன் கமாண்டோ பிரிவுக்கு ஆசைப்படுகிறான். அவன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ தூக்கம் இல்லை. பயிற்சியிலேயே உயிர் போகிறதாமே? – பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: பயப்படாதீர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை அம்மா. போயிருக்கிறது. 2013 ஜூலையில் வேல்ஸ் மலையில் எஸ்ஏஎஸ் தேர்வு நடையில் மூன்று பேர் வெயில் தாங்காமல் இறந்தார்கள். அவர்களிடம் இருப்பிடம் காட்டும் கருவி இருந்தது, இருந்தும் உதவி நேரத்தில் போய்ச் சேரவில்லை. இங்கேயும் 2003இல் கமாண்டோ பயிற்சி ஒன்றில் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியதில் ஒருவர் இறந்தார், சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். அப்புறமும் மரணங்கள் நடந்தன. 2019இல் ஆயுதப் படையின் பாதுகாப்பு நடைமுறைகளைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் என்று தனியாக ஒன்றை அமைத்தார்கள். இன்று நீண்ட நடையின் நடுவில் முழங்கைவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடல் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. என் காலத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள், அவ்வளவுதான்.

மகனிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: முந்தின நாள் காய்ச்சல் இருந்தால் மறைக்கக்கூடாது. இந்த வயதுப் பையன்கள் 'பேர் கெட்டுவிடும்' என்று இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு நடைக்குப் போய்விடுவார்கள். என் பிளட்டூன் நண்பன் அப்படிப் போய் ஆறாவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்தான். பிழைத்துக்கொண்டான், இன்றைக்கு அவனுக்கு மூன்று பிள்ளைகள், ஆனால் அன்றைக்கு அவன் முகம் இருந்த நிறத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மற்றபடி, அவனே ஆசைப்பட்டுப் போகிறான் என்பது பெரிய விஷயம். போகவிடுங்கள்.

கேள்வி: 1991 விமானக் கடத்தலின்போது நான் தொடக்கப்பள்ளி மாணவி. முப்பது விநாடியில் முடித்தார்கள் என்று அப்பா இன்றும் சொல்வார். அது உண்மையா, அதிர்ஷ்டமா? – தோ பாயோ வாசகி

பதில்: உண்மைதான். மார்ச் 26 இரவு, கோலாலம்பூரிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 117. நாலு கடத்தல்காரர்கள், 114 பயணிகள், 11 சிப்பந்திகள். இரவு முழுக்கப் பேச்சுவார்த்தை. சிப்பந்திகள் இருவரை விமானத்திலிருந்து கீழே தள்ளினார்கள். விடியும் நேரத்தில் ஐந்து நிமிடக் கெடு வைத்தார்கள், 6.50க்கு நம் கமாண்டோக்கள் கதவுகளை உடைத்து உள்ளே போனார்கள், அரை நிமிடத்தில் நாலு பேரும் முடிந்தார்கள், பயணி ஒருவருக்கும் அந்தத் தாக்குதலில் காயம் இல்லை.

ஆனால் உங்கள் அப்பா அந்த முப்பது விநாடிக்கு முந்திய எட்டு மணி நேரத்தையும் சொல்லியிருக்கவேண்டும். பேசிப் பேசி நேரத்தை இழுத்த ஆட்கள் இல்லாவிட்டால் கமாண்டோக்களுக்குக் கதவருகே போக அவகாசமே கிடைத்திருக்காது. அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1974 ஜனவரியில் புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கியவர்கள் 'லாஜு' படகைப் பிடித்துக்கொண்டபோது, எஸ். ஆர். நாதன் தலைமையில் அதிகாரிகள் தாங்களே பிணையாக அவர்களோடு குவைத்துக்குப் பறந்தார்கள். ஓர் உயிரும் போகாமல் முடிந்தது. பின்னாளில் அதிபரான அதே நாதன்தான். எனக்கு இரண்டாவதுதான் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது, ஆனால் அதை யாரும் வீடியோ விளையாட்டாக எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: 2008 மும்பைத் தாக்குதலில் இந்தியாவின் என்எஸ்ஜி (தேசியப் பாதுகாப்புப் படை) கமாண்டோக்கள் ஏன் அவ்வளவு தாமதம்? பயிற்சி போதவில்லையா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பயிற்சியில் குறை இல்லை, விமானம் இல்லை. இரவு ஒன்பதரை வாக்கில் தாக்குதல் தொடங்கியது. கமாண்டோக்கள் இருந்தது டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில், அவர்களை ஏற்றவேண்டிய பெரிய விமானம் சண்டிகரில். அது வந்து, இவர்கள் ஏறி, மும்பையில் இறங்கி, பேருந்து பிடித்து வேலையைத் தொடங்குவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. மறு வருடமே மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் கிளைத் தளங்கள் திறந்தார்கள்.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. மேலே சொன்ன பெக்வித்தின் டெல்டா, 1980இல் ஈரானில் தூதரகப் பிணைக்கைதிகளை மீட்கப் போனது. எட்டு ஹெலிகாப்டர் கிளம்பி, பாலைவனத்துக்கு ஆறு வந்து, அதிலும் ஒன்று பழுது. குறைந்தது ஆறு வேண்டும் என்பது திட்டம், சரி திரும்பலாம் என்று கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தின்மேல் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். உலகத்திலேயே நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள் தூதரக வாசலைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கர்கள் சிறப்புப் படைக்கென்றே ராத்திரியில் பறக்கும் ஹெலிகாப்டர் பிரிவைக் கட்டினார்கள். 2011இல் பின் லேடன் வீட்டுக்கு சீல்களைக் கொண்டுபோனது அவர்கள்தான். அன்றும் ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது, இந்தத் தடவை கையில் மாற்று ஏற்பாடு இருந்தது. இன்னும் மோசமான கணக்கு மாஸ்கோ நாடக அரங்கம், 2002. ரஷ்யப் படை உள்ளே மயக்க வாயுவைச் செலுத்திவிட்டுப் புகுந்தது. ஆனால் அது என்ன வாயு என்று மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை. 130 பேர் அளவில் பிணைக்கைதிகள் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த வாயுவால்.

கேள்வி: கூர்க்காக்கள்? – பிடோக் வாசகர்

பதில்: ஒரு சொல் கேள்விக்கு ஒரு பத்தி. கூர்க்கா சிறப்புப் படை இல்லை. இங்கே 1949இலிருந்து போலீஸின் ஒரு பிரிவு. நேப்பாளத்தின் பொக்ராவில் நெற்றியில் பட்டை மாட்டி, 25 கிலோ கூடையைச் சுமந்து 5 கிலோமீட்டர் ஏற்றத்தில் ஓடித்தான் வெகுகாலமாக ஆள் எடுத்தார்கள். 2018இல் டிரம்பும் கிம்மும் இங்கே சந்தித்தபோது வாசலில் நின்றது இவர்கள்தான்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நம் துறைமுகத்தையே கமாண்டோக்கள் தாக்கினார்களாமே? பேரனுக்குச் சொல்ல வேண்டும். – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜூரோங்

பதில்: சொல்லுங்கள் ஐயா, ஆனால் முழுக்கச் சொல்லுங்கள். 1943 செப்டம்பரில் 'கிரெய்ட்' என்ற பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகில் ஆஸ்திரேலியாவிலிருந்து 14 பேர் கிளம்பினார்கள். கிரெய்ட் என்றால் நம் கட்டுவிரியன். உடம்பில் பழுப்புச் சாயம் பூசி, சாரோங் கட்டி, மீனவர் வேடம். 26ஆம் தேதி இரவு ஆறு பேர் மூன்று மடிப்புப் படகுகளில் துடுப்புப் போட்டு வந்து ஜப்பானியக் கப்பல்களில் காந்தவெடி ஒட்டினார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாயின, 14 பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள். திறமை என்று பார்த்தால் இதை மிஞ்சுவது கடினம்.

ஆனால் வெளியிலிருந்து யாரோ வந்து இதைச் செய்திருக்க முடியும் என்று ஜப்பானியர்கள் நம்பவில்லை. உள்ளூர் ஆட்களும் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த வெள்ளையர்களும்தான் காரணம் என்று அக்டோபர் 10ஆம் தேதி ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் பிடிக்கத் தொடங்கியது. ஆர்ச்சர்ட் சாலை ஒய்எம்சிஏ கட்டடத்தில் மாதக்கணக்கில் சித்திரவதை. 57 பேரில் 15 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் கட்டுவிரியனைப் பற்றி எதுவும் தெரியாது. மறு வருடம் அதே ஆட்களில் சிலர் மறுபடி வந்தார்கள், அந்த முறை போன 23 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கிரெய்ட் படகு இன்று சிட்னி கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, பேரன் அந்தப் பக்கம் போனால் பார்க்கட்டும்.

கேள்வி: பேசாமல் எல்லா நாட்டுப் படைக்கும் போட்டி வைத்துவிட்டால் என்ன? – மீண்டும் ஈசூன் வாசகர்

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. வைக்கிறார்கள் அண்ணே. ஜோர்தானில் சிறப்புப் படைகளுக்குப் போட்டி நடக்கிறது, சீனப் போலீஸ் பிரிவுகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஜெயித்திருக்கின்றன. ஆஸ்திரேலிய ராணுவம் நடத்தும் துப்பாக்கிச் சுடும் போட்டியில் அமெரிக்கர், பிரிட்டிஷ்காரர் எல்லாரும் வர, பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பிடித்தது இந்தோனீசியா. உங்கள் மேசையில் அந்தக் கட்சிக்கு ஒரு ஆளும் இல்லை. சனிக்கிழமை நான் வருகிறேன், அந்த நாற்காலி எனக்கு. கோப்பி ஓ கோசோங்.