பதில்: சோறு நெஞ்சுக்குள் சிக்குது, இரத்தத்தில் இயோசினோபிலும் கூடியிருக்கு

தம்பி, பூச்சிக் குளிசை இரண்டு தரம் போட்டும் சோறு சிக்குவது நிற்கவில்லை என்கிறீர்கள். இயோசினோபில், புழுக்களைக் கொல்ல நச்சுப் புரதம் சுமக்கும் வெள்ளணு. உணவுக்குழாய்ச் சுவரில் அதற்கு வேலையே இல்லை. ஒவ்வாமையால் அங்கே குவிந்தால் அதே நஞ்சு நம் சதையையே புண்ணாக்கும். வருடக்கணக்கில் விட்டால் தழும்பாகிக் குழாய் ஒடுங்கும். எண்டொஸ்கொபியில், அதாவது வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டு, உணவுக்குழாய்ச் சதையில் துணுக்கெடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். கிளிநொச்சியில் காட்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள்.

அப்புறம், வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர் என்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த ஒவ்வாமைக்கு ஸ்டெரொய்ட் மருந்து தரக்கூடும்; தோல் வழியாக ஏறும் ஒருவகைக் குடற்புழு உள்ளே இருந்தால், ஸ்டெரொய்ட் குளிசை போட்டதும் பெருகி உயிருக்கே உலை வைக்கலாம். மலப் பரிசோதனை முதலில். எச்சிலும் இறங்காமல் அடைத்தால் உடனே ஆஸ்பத்திரி, சரியா?