வீட்டிலேயே புத்தகங்களும் கைபேசியும் இருக்கும்போது, குழந்தைக்கு ஊர் நூலகம் எதற்கு?

வீட்டிலுள்ள புத்தகங்கள் பெரும்பாலும் பெற்றோர் தேர்ந்தெடுத்தவை. நூலகத்தில்தான் குழந்தை தானாகத் தேர்ந்தெடுக்கிறது, பிடிக்காவிட்டால் நான்காம் பக்கத்திலேயே மூடிவிட்டு, காசு வீணானதே என்ற கவலையின்றி அடுத்ததை எடுக்கிறது. டைனோசர் புத்தகம் கேட்டு வரும் சிறுமி, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் அதற்குரிய 567.9 என்ற எண்ணைத் தேடி, அடுக்கிலுள்ள நூல்களின் முதுகை விரலால் தடவியபடி நகரும்போது, சற்றுத் தள்ளி 598இல் பறவைகளையும் கண்டுவிடுகிறாள். தேடாதது இப்படிக் கைக்கு வருவதையே நூலகத்தின் பெரிய கொடையாக நான் கருதுகிறேன். கேட்டதை மட்டும் காட்டும் திரையில் அது அரிது. யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலக அறிக்கையும், சிறுவயதிலேயே வாசிப்புப் பழக்கத்தை உருவாக்குவதையே முதற்பணியாகக் குறிப்பிடுகிறது. தன் பெயர் எழுதிய உறுப்பினர் அட்டையை ஒரு குழந்தை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறது என்பதையும் கவனித்துப் பாருங்கள்.