கைமுதலும் தலைக்காசும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்கு அருகே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக கடை வைக்காமல் ஆட்கள் வழியே விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் சோப்பு, பற்பசை, சத்துமாவு ஆகியவற்றை விற்று வருகிறேன். என் குழுவில் 8 பெண்கள் இருக்கிறார்கள். இன்னும் 11 பேர் சேர விரும்புகிறார்கள். எல்லோரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லைன்களிலும் பக்கத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் இருப்பவர்கள். சேர்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே 7,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால்தான் நிறுவனத்தில் நல்ல நிலை கிடைக்கும் என்று விற்பனை வரிசையில் எனக்கு மேலே இருப்பவர் சொல்கிறார். அந்தப் பணம் இவர்களிடம் இல்லை. சென்ற மாதம் ஒரு பெண் தன் காதுத் தோட்டை அடகு வைத்துச் சேர்ந்தாள். அவளுடைய துணிச்சலை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லி வருகிறேன். மற்றவர்களுக்கு என் சேமிப்பிலிருந்து வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுத்து, அவர்களுடைய கமிஷனில் கழித்துக்கொள்ளலாமா? அல்லது மகளிர் குழுவில் கடன் வாங்கித் தரலாமா? பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பிள்ளைகளின் முன்னேற்றம் நின்றுவிடுவது எனக்குத் தாங்கவில்லை. விற்பனைக் கலை பற்றித் தமிழில் நல்ல நூல் உண்டா என்றும், பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘பிள்ளைகள்’ என்று எழுதியிருந்தீர்கள். இங்கே சுருக்கி வெளியிடும்போது ஒன்றைத்தான் விட்டுவைத்தேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை என்று நம்புகிறேன். தன் சேமிப்பை எடுத்து இன்னொருத்தியின் கையில் வைக்க நினைக்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே நான் கீழே கடுமையாக எழுதப்போவதை உங்கள் மனத்தின் மீது வைத்த குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளி வேலையை விடாதீர்கள். விற்பனையை நூலைப் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கோத்தகிரிச் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களின் அருகே இரண்டு சந்தை நாட்கள் உட்கார்ந்திருந்தால் போதும். மகளிர் குழுக் கடனை இதற்குள் இழுக்கவே கூடாது. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் அவளோடு சேர்ந்து கையெழுத்திட்ட மற்றவர்களின் பெயரும் கெடும், நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ அவர்கள் கேட்கும் கடனும் நின்றுபோகும்.

இனி நீங்கள் உண்மையிலேயே கேட்பதற்கு வருகிறேன். கைமுதல் இல்லாதவளுக்குக் கைமாற்றுக் கொடுத்துத் தொழிலில் இறக்கிவிடலாமா என்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு என் பாட்டியின் குரல்தான் கேட்டது.

நாங்கள் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து இந்த நீலகிரி மலையில் இறங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை உண்டு என்பது உங்களுக்கே தெரியும், உங்கள் 11 பேரிலும் சிலர் அந்த வீடுகளின் பேத்திகளாக இருக்கக்கூடும். பாட்டியின் தகப்பனாரைக் கண்டித் தோட்டத்துக்கு அழைத்துப் போனவர் ஒரு கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அவர்களை மேற்பார்ப்பவர். அவர் அயலார் அல்லர், அதே ஊர், அதே உறவு, முறைக்குச் சித்தப்பா. வழிச்செலவுக்கும் வீட்டில் விட்டுப்போன அரிசிக்கும் அவர்தான் முன்பணம் கொடுத்தார். அந்த முன்பணம் தோட்டத்தில் பாட்டியின் தகப்பனார் பெயரில் கடனாக ஏறியது. தோட்டம் மாற வேண்டும் என்றால் கையில் ஒரு ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டுக்கு அந்தப் பெயர். கடனைப் புதிய தோட்டம் கட்டும், ஆனால் ஆளின் தலையிலிருந்து அது இறங்காது, ஒரு தோட்டத்துக் கணக்கிலிருந்து இன்னொரு தோட்டத்துக் கணக்குக்கு அவனோடு நடந்து போகும். 1921இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் கங்காணியைத் திட்டியதில்லை. “நல்ல மனுசன், காய்ச்சல் வந்தா கஞ்சி கொண்டாந்து குடுப்பாரு” என்றுதான் சொல்வார்.

அந்த நல்ல மனிதருக்கு இன்னொரு வரவும் இருந்தது. தன் ஆட்களில் வேலைக்கு இறங்கியவர்களைத் தலை எண்ணித் தோட்டம் அவருக்குக் காசு கொடுத்தது. அதற்குத் தலைக்காசு என்று பெயர். அவர் கொடுத்த முன்பணம் அன்பினால் கொடுத்ததா, தலைக்காசுக்காகக் கொடுத்ததா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் ஒரே பையில் கிடந்தன.

சகோதரி, உங்கள் பையைத் திறந்து பாருங்கள். அந்தப் பெண் 7,500 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கும் அன்றே உங்கள் கணக்கில் கமிஷனுக்கான புள்ளிகள் ஏறுகின்றன அல்லவா? அவள் அதை ஒரு வீட்டில் விற்றாளா, கட்டிலுக்கு அடியில் வைத்தாளா என்று யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வரவு அவள் வாங்கிய நாளில் வந்துவிடுகிறது, அவளுடைய வரவோ அவள் விற்கும் நாளில்தான் வரும், அந்த நாள் வராமலே போகவும் கூடும். 11 பேருக்கும் கைமாற்றுக் கொடுத்தால் உங்கள் சேமிப்பிலிருந்து 82,500 ரூபாய் வெளியே போகும். அதில் ஒரு பகுதி கமிஷனாக உங்களிடமும் உங்களுக்கு மேலே இருப்பவரிடமும் அந்த மாதமே திரும்பும். கடன் மட்டும் முழுதாக அவர்கள் பெயரில் நிற்கும். இதை உதவி என்று நீங்கள் மனமார நம்புவதுதான் எனக்கு அச்சத்தைத் தருகிறது.

கணக்கை எழுதிப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது, நீங்கள் ஓர் ஆசிரியை என்பதால் இன்னும் அழுத்தமாகவே கேட்கிறேன். 7,500 ரூபாய்ச் சரக்கை 100க்கு 20 லாபம் வைத்து விற்பதாக வைத்துக்கொள்வோம். முழுவதும் விற்றால் 1,500 ரூபாய் நிற்கும். நான்கில் ஒரு பங்கு தேங்கிவிட்டால் கைக்கு வருவது 6,750 ரூபாய், அதாவது போட்ட முதலிலேயே 750 ரூபாய் நட்டம். நீங்கள் வட்டி கேட்கப்போவதில்லை, ஆனால் தோட்டை அடகு வைத்தவளிடம் கடைக்காரர் கேட்பார். 100க்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆறு மாதத்தில் 900 ரூபாய். தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு லைன் லைனாக அலைந்ததற்குக் கூலி போடாமலே 1,650 ரூபாய் போய்விட்டது. நான்கில் ஒரு பங்குதான் தேங்கும் என்பதும் சாதகமான கணிப்புதான். ஒரு லைனில் நாற்பது வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்கு வேண்டிய சோப்பு கடையில் இதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது, மழைக்காலத்தில் வேலை நாட்கள் குறைந்தால் சத்துமாவைத்தான் முதலில் நிறுத்துவார்கள். வாங்கியவர்களும் சம்பள நாளில் தருகிறேன் என்பார்கள், சொந்த அக்காளிடமும் அண்ணியிடமும் போய் அந்தக் காசைக் கறாராகக் கேட்க இவர்களால் முடியாது.

என் அம்மாவும் விற்றவர்தான். வாரம் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு லைன்களுக்குப் போவார். குன்னூர் மார்க்கெட்டில் கம்பளித் துணி வியாபாரி ஒருவர் இருந்தார், அம்மா அவரைப் பாய் என்று அழைப்பார். அவர் சனிக்கிழமை மாலை பத்து ஸ்வெட்டரும் சில மப்ளர்களும் குல்லாக்களும் எண்ணிக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்வார். முன்பணம் வாங்கியதில்லை. அடுத்த முறை போகும்போது விற்ற நான்குக்குக் காசும், விற்காத ஆறும் அவர் மேசை மீது வைக்கப்படும். அவர் அந்த ஆறையும் முகம் மாறாமல் பிரித்துப் பார்த்து, மடித்து, அலமாரியில் வைப்பார். “விக்காத சரக்கு என் சரக்குமா, வித்ததுக்குத்தான் உனக்குக் கணக்கு” என்பார். அந்த ஏற்பாட்டில் அம்மா எட்டு ஆண்டுகள் விற்றார். பெரிய லாபம் ஒன்றும் வந்ததில்லை. ஆனால் ஒரு நாளும் நாங்கள் பாய்க்கு அஞ்சி வழி மாறி நடந்ததில்லை.

பிறகு ஒருவர் வந்தார். எங்களுக்கு ஒன்றுவிட்ட மாமன் முறை. வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு திட்டத்தில் அவர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு குக்கர்களை மொத்தமாக எடுத்தால் அம்மாவுக்கும் கீழே ஆள் சேர்க்கும் உரிமை வரும் என்றார். பணத்துக்கு அவரே கைமாற்றுக் கொடுத்தார், வட்டி கேட்கவில்லை. அம்மா இரண்டு குக்கர்களை விற்றார். மற்றவை எங்கள் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியோடு இருந்தன, நான் அவற்றின் மீது புத்தகம் வைத்துப் படித்திருக்கிறேன். உறவில் கல்யாணம் வந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் சீராகப் போயின. மாமன் ஒரு நாளும் கடனைக் கேட்கவில்லை. பாதையில் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரிப்பார். அந்த விசாரிப்பைத் தாங்க முடியாமல் அம்மா மேல் பாதையை விட்டுவிட்டு, அட்டைப்பூச்சி ஏறும் ஓடைப் பாதையில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கடனை அடைத்த பிறகும் மூட்டையை அவர் மறுபடி தூக்கவில்லை. நன்றாக விற்கத் தெரிந்த ஒரு பெண்ணை விற்பனையிலிருந்தே அந்தக் கைமாற்று விரட்டிவிட்டது.

பாய் காசு கொடுக்கவில்லை, சரக்கைக் கொடுத்தார். மாமன் சரக்கைத் தலையில் கட்டிக் காசைக் கடனாகக் கொடுத்தார். சரக்கு தேங்கினால் யார் தலையில் விழும் என்ற ஒரே இடத்தில்தான் இருவரும் வேறுபட்டார்கள். உங்களிடமும் அதையே கேட்கிறேன். 82,500 ரூபாயைக் கடனாகக் கொடுக்க உங்களுக்கு மனம் வருகிறதே, அதே பணத்தில் நீங்களே சரக்கை எடுத்து உங்கள் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்திக்கும் 500 ரூபாய்ச் சரக்காகக் கொடுத்து, விற்றதற்குக் காசு, விற்காததைத் திருப்பிக் கொடு என்று சொல்ல ஏன் மனம் வரவில்லை? அந்தச் சரக்கு உங்கள் தலையில் தேங்கிவிடுமோ என்ற தயக்கம் இருந்தால், அது விற்காது என்று உங்களுக்கே தெரிகிறது என்று பொருள். உங்களால் தாங்க முடியாத நட்டத்தைத் தோட்டக் கூலியில் வாழும் ஒருத்தியால் எப்படித் தாங்க முடியும்? விற்கும் என்று உண்மையாகவே நம்பினால், சரக்கைத் தாங்கிக்கொள்வதில் உங்களுக்கு என்ன இழப்பு? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எனக்கு எழுத வேண்டாம், ஒரு தாளில் உங்களுக்காக எழுதிப் பாருங்கள்.

500 ரூபாயும் வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு சோப்பு, ஒரு பற்பசை, ஒரு சிறு டப்பா சத்துமாவு, இவற்றை மட்டும் மாதிரியாகக் கொடுத்தனுப்புங்கள். அவள் பத்து வீடுகளில் காட்டி, பாதிப் பணத்தை முன்னதாக வாங்கி வரட்டும், அதற்கு மட்டும் சரக்கு எடுங்கள். நல்ல நிலை கிடைக்கத் தாமதமாகும் என்று உங்கள் மேலே இருப்பவர் சொன்னால் சொல்லட்டும்.

அவர் சொல்வது முறையே அல்ல என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2016 செப்டம்பரில் வெளியிட்ட நேரடி விற்பனை வழிகாட்டு நெறிகள், சேர்க்கைக் கட்டணமும் விளக்கக் கருவிகளுக்கான கட்டணமும் கூடாது என்பதோடு நிற்கவில்லை. நுகர்வோரிடம் விற்கக்கூடிய அளவுக்கு மேல் சரக்கை வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, விற்கத் தகுந்த நிலையில் உள்ள சரக்கை நியாயமான முறையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும், சேர்ந்தவர் மனம் மாறி விலகிக்கொள்ள அவகாசம் வேண்டும், ஆள் சேர்த்ததற்காகவே வருமானம் தரக் கூடாது என்றெல்லாம் சொல்கின்றன. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் பிரமிட் திட்டங்களுக்கு, அதாவது கீழே கீழே ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் திட்டங்களுக்கு, தடை விதித்தன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் அவை சொல்கின்றன, உங்கள் 8 பேரிடமும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமோ 1978 முதலே இருக்கிறது. கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு 7,500 ரூபாய்ச் சரக்கை வாசற்படியாக வைத்தால், அது வேறு பெயரில் வாங்கும் கட்டணம்தான். நிறுவனத்தின் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

‘பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்களுக்குப் பணம் இல்லை என்பது ஏதோ தற்செயலாக நேர்ந்த தடங்கல் போல உங்களுக்குத் தெரிகிறது. பணம் இல்லாதவளிடம் நட்டத்தைத் தாங்கும் வலுவும் இல்லை. ‘சேர வேண்டும் என்று ஆசை, ஆனால் காசு இல்லை’ என்று ஒருத்தி சொல்லும்போது, அவள் பல நேரங்களில் மரியாதை கெடாமல் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்கிறாள். டீச்சர் கேட்கும்போது நேராக மறுக்க இந்த மலையில் யாருக்கும் வாய் வராது. அவள் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த அந்த ஒரு மறுப்பையும் நீங்கள் கைமாற்றுக் கொடுத்து அடைத்துவிட்டால், அவள் வேறு எந்தச் சொல்லைத் தேடுவாள்?

கடைசியாக, தோட்டை அடகு வைத்த பெண்ணைப் பற்றி. அவளுடைய துணிச்சலை இனி எந்தக் கூட்டத்திலும் எடுத்துச் சொல்லாதீர்கள். இந்த வாரமே அவள் வீட்டுக்குப் போங்கள், அவளிடம் மீதம் இருக்கும் சரக்கை இருவருமாக உட்கார்ந்து எண்ணுங்கள். எண்ணியதை அவள் வாங்கிய விலைக்கே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நிறுவனம் திரும்ப வாங்கினால் வாங்கட்டும், வாங்காவிட்டால் உங்கள் அலமாரியில் இருக்கட்டும். கைமாற்றுக்கென்று ஒதுக்கிய பணம் இருக்கிறதே, அதிலிருந்து வட்டியையும் கட்டித் தோட்டை மீட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மற்ற 11 பேரைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்.