எத்தனை மாதிரி இல்லை, எத்தனை வயல்: வேளாண், உணவு, சூழல் ஆய்வு மாணவர்களுக்கான கேள்வி பதில்

முதலாண்டு_ஆய்வர்: "பருவநிலை மாற்றமும் உணவுப் பாதுகாப்பும்" என்று தலைப்பு கொடுத்தேன். வழிகாட்டி "ரொம்ப அகலம்" என்று திருப்பிவிட்டார். எப்படிக் குறுக்குவது?

தலைப்பைக் குறுக்க வேண்டாம், கேள்வியைக் குறுக்குங்கள். ஒரே வாக்கியத்தில் நான்கு விஷயம் வரவேண்டும்: எதை அளக்கப் போகிறீர்கள், எந்த அலகில் (பிளாட்டா, வயலா, குடும்பமா, மாவட்டமா), எதோடு ஒப்பிடப் போகிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு. "காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் (நீரை வற்றவிட்டு மறுபடி பாய்ச்சுவது) நீர் விட்ட நெல் வயலில், எப்போதும் நீர் நிற்கும் வயலைவிட, இரண்டு பருவங்களில் மீத்தேன் எவ்வளவு குறைகிறது, மகசூல் குறைகிறதா?" இது ஆய்வுக் கேள்வி. நீங்கள் கொடுத்தது துறையின் பெயர். நான்கில் "அலகு" என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், பின்னால் அதிலேயே மாட்டுகிறார்கள். அடுத்த கேள்வியே அதற்கு உதாரணம்.

மண்வாசம்: ஒரு இயற்கை வேளாண் பண்ணை, ஒரு ரசாயன உரப் பண்ணை. ஒவ்வொன்றிலும் 30 மண் மாதிரி எடுத்துவிட்டேன். மொத்தம் 60, டி-டெஸ்ட்டில் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. மதிப்பீட்டாளர் "உங்களிடம் இருப்பது இரண்டே மாதிரிதான்" என்கிறார். புரியவில்லை.

அவர் சொல்வது சரி. நீங்கள் ஒப்பிடுவது சாகுபடி முறையை. அந்த முறை அமைந்திருப்பது பண்ணை அளவில். ஆக, பக்கத்துக்கு ஒரு பண்ணைதான். 30 குழி தோண்டினாலும் 300 தோண்டினாலும் அந்த ஒரு பண்ணையின் சராசரி துல்லியமாகுமே தவிர, "இயற்கை வேளாண்மை" பற்றிய எண்ணிக்கை கூடாது. இந்த இரண்டு பண்ணைகளின் மண் வேறு என்று உங்கள் பி மதிப்பு சொல்கிறது. அது மேடு பள்ளத்தால் இருக்கலாம், முன்னே யார் வண்டல் அடித்தார்கள் என்பதால் இருக்கலாம். ஒரே அலகில் பலமுறை எடுத்ததைத் தனித்தனி ரெப்ளிகேஷனாக (ஒரே முறையை வேறு வேறு அலகில் திரும்பச் செய்வது) எண்ணும் இதற்கு, சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-லேயே "போலி ரெப்ளிகேஷன்" என்று பெயர் வைத்துவிட்டார். இன்றும் ஆய்வேடுகள் இதில்தான் அதிகம் அடிபடுகின்றன.

இனிமேல் செய்யக்கூடியது: ஒரே மண் வகை, ஒரே சரிவு, ஒரே நீர் ஆதாரம் உள்ள பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகளை ஜோடியாகத் தேடுங்கள். ஒவ்வொரு பண்ணையிலும் 10–15 இடத்தில் எடுத்த மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புங்கள். ஆய்வகச் செலவில் மிஞ்சுவதைப் பண்ணைகளின் எண்ணிக்கைக்குப் போடுங்கள். எத்தனை பண்ணை என்பதற்கு ஒரு கைக்கணக்கு: 16 × (மாறுபாட்டுச் சதவீதம் ÷ கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசச் சதவீதம்)². பண்ணைக்குப் பண்ணை மாறுபாடு 15%, நீங்கள் பார்க்க விரும்பும் வித்தியாசம் 10% என்றால் பக்கத்துக்கு 36 பண்ணை. 20% வித்தியாசம் போதுமென்றால் 9. 80% திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை (இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) என்ற வழக்கமான கணக்கு இது. ஜோடி நன்றாக அமைந்தால் இன்னும் குறைவாகவே போதும்.

ஏற்கெனவே எடுத்த 60-ஐ வீசிவிடாதீர்கள். பண்ணைக்குள் மாறுபாடு எவ்வளவு என்ற தகவல் அதில் இருக்கிறது. எத்தனை இடத்தில் எடுத்துக் கலப்பது என்று தீர்மானிக்க அதுவே உதவும்.

கார்பன்_காதலன்: மூன்று ஆண்டில் மண் கரிமக் கார்பன் உயர்வைக் காட்ட முடியுமா? கம்போஸ்ட் போட்ட பிளாட்டில் 0.60%-லிருந்து 0.65% ஆகியிருக்கிறது. ஆனால் எக்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் குறைந்திருக்கிறது!

உங்கள் கணக்கில் தப்பில்லை, அளந்த ஆழத்தில் இருக்கிறது கோளாறு. மண்ணின் பருமஅடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) 1.40-லிருந்து 1.25-க்கு இறங்கியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்போஸ்ட் போட்டால் மண் பொலபொலவென்று ஆகிவிடும், எதிர்பார்க்க வேண்டியதுதான்.

கார்பன் % × பருமஅடர்த்தி × ஆழம் (செ.மீ.) = எக்டருக்கு டன்.
முன்பு: 0.60 × 1.40 × 15 = 12.6 டன்.
இப்போது: 0.65 × 1.25 × 15 = 12.2 டன்.

முன்பு 15 செ.மீ. ஆழத்துக்குள் எக்டருக்கு 2,100 டன் மண் இருந்தது. இப்போது அதே ஆழத்தில் 1,875 டன்தான். மண் உப்பிக்கொண்டதால் 225 டன் உங்கள் ஆழக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது. அதைச் சேர்த்துக்கொள்ள இன்னும் 1.8 செ.மீ. ஆழம் போகவேண்டும். அந்த அடுக்கில் கார்பன் 0.55% என்றால் 225 × 0.0055 = 1.24 டன். கூட்டினால் 13.4 டன். ஆக, 0.8 டன் கூடியிருக்கிறது. சம ஆழத்தில் இல்லாமல் சம மண் எடையில் ஒப்பிடுவது என்பது இதுதான். முதல் நாளே 0–15 மட்டும் எடுக்காமல் 15–30, முடிந்தால் 30–50 வரை அடுக்கடுக்காக எடுத்திருந்தால் இந்தத் திருத்தம் சுலபம். உழவில்லா முறையை ஆய்வு செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே கார்பன் மேலடுக்கில் திரளும், கீழே குறையும். மேலே மட்டும் அளந்தால் வெற்றி போலத் தெரியும்.

மூன்று ஆண்டில் தெரியுமா என்றால், மண் கார்பனை ஆண்டுக்கு ஆயிரத்தில் நான்கு பங்கு உயர்த்துவோம் என்று 2015-ல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட "ஆயிரத்தில் நான்கு" முயற்சியின் வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்டருக்கு 40 டன் கார்பன் உள்ள மண்ணில் அது ஆண்டுக்கு 0.16 டன், மூன்று ஆண்டுக்கு அரை டன்கூட இல்லை. ஒரே வயலுக்குள் இடத்துக்கு இடம் 10–20% மாறும் ஒன்றில் 1.2% உயர்வைத் தேடுகிறீர்கள். கிடைக்காது. கம்போஸ்ட் அதிகம் கொட்டினால் உயர்வு தெரியும். ஆனால் அது வேறெங்கோ விளைந்த கார்பனை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அதை "மண் வளிமண்டலத்திலிருந்து பிடித்துவைத்தது" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று. ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றி அளக்கும் வாக்லி–பிளாக் முறை கார்பனை முழுதாக எரிக்காது. சுமார் 77%-தான் பிடிபடும் என்று கொண்டு 1.3-ஆல் பெருக்குகிறோம். முதலாண்டு வாக்லி–பிளாக், மூன்றாமாண்டு உலர் எரிப்புக் கருவி என்று மாறினால் வித்தியாசம் மண்ணுடையதா முறையுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. சுண்ணாம்பு மண்ணில் உலர் எரிப்பு கார்பனேட்டையும் சேர்த்து எண்ணிவிடும். முதலில் அமிலத்தால் அதை நீக்கவேண்டும், அல்லது தனியாக அளந்து கழிக்கவேண்டும்.

நீர்மட்டம்: நீர் விடும் முறை மூன்று, தழைச்சத்து அளவு நான்கு, மூன்று ரெப்ளிகேஷன். ஸ்பிளிட் பிளாட் போட்டேன் (பெரிய பிளாட்டில் நீர் முறை, அதைப் பிரித்த துணைப் பிளாட்டுகளில் தழைச்சத்து). சாதாரண இருவழி அனோவாவில் (மாறுபாட்டுப் பகுப்பாய்வு) நீர் முறை சிக்னிஃபிகன்ட், ஸ்பிளிட் பிளாட்டாகச் செய்தால் இல்லை. எது சரி?

இரண்டாவது. நீரைச் சிறு பிளாட்டுக்குத் தனித்தனியாக மாற்ற முடியாது என்பதால்தானே பெரிய பிளாட்டில் வைத்தீர்கள்? அப்படியானால் நீர் முறைக்கான பிழை பெரிய பிளாட்டுகளுக்கு இடையிலான பிழைதான், அதற்கு (3−1)×(3−1) = 4 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (பிழையைக் கணிக்கக் கிடைக்கும் தனித் தகவல்களின் எண்ணிக்கை). 5% அளவில் எஃப் (முறைகளுக்கு இடையிலான மாறுபாடு ÷ பிழை மாறுபாடு) 6.94-ஐத் தாண்ட வேண்டும். துணைப் பிளாட்டுகளின் பிழைக்கு 18 டிகிரி, அதில் வைத்துப் பார்த்தால் 3.55 தாண்டினாலே போதும். வாசலைத் தாழ்த்திவிட்டு உள்ளே நுழைந்தது மாதிரி. ஆர் மென்பொருளில் பெரிய பிளாட்டைத் தனிப் பிழை அடுக்காகக் கொடுக்காவிட்டால் அது எச்சரிக்காது, சிரித்துக்கொண்டே தப்பான விடையைத் தரும். நான்கு ரெப்ளிகேஷன் வைத்திருந்தால் பிழைக்கு 6 டிகிரி, எல்லை 5.14-க்கு இறங்கியிருக்கும். நீர் முறைதான் முக்கியக் கேள்வி என்றால் தழைச்சத்தில் ஒரு அளவைக் குறைத்து அந்த இடத்தை ரெப்ளிகேஷனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பெரிய பிளாட்டுகளுக்கு இடையே வரப்பில் பிளாஸ்டிக் விரிப்பை உழவுக்கு அடியில் இறுகிய மண் அடுக்குக்குக் கீழே வரை இறக்கினீர்களா? இல்லையென்றால் நீர் கசிந்து காய்ச்சல் பிளாட் காயவே காயாது. அப்புறம் எந்தப் புள்ளியியலும் உதவாது.

குமிழி: நெல் வயலில் மூடிய பெட்டி வைத்து மீத்தேன் எடுக்கிறேன். சில நாள் 0 நிமிடத்தில் 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு), 10-ல் 12, 20-ல் 13, 30-ல் 13 என்று வருகிறது. நெல் மீத்தேனை உறிஞ்சுகிறதா?

இல்லை, நீங்கள் மிதிக்கிறீர்கள். வெளிக்காற்றில் மீத்தேன் 2 பிபிஎம்-க்குச் சற்றுக் கீழே. பெட்டியை மூடியதுமே 14 என்றால், பக்கத்துச் சேற்றை மிதித்ததில் குமிழி கிளம்பிப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. பலகை நடைபாதை போடுங்கள், அதன் கால்கள் பெட்டி உட்காரும் அடிச்சட்டத்தின் அருகே ஊன்றக்கூடாது. அடிச்சட்டத்தை முதல் அளவீட்டுக்கு ஒரு நாளாவது முன்பே பதித்துவிடுங்கள். பருவம் முழுக்க அது அங்கேயே இருக்கட்டும்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே பெட்டியின் உயரம் 1 மீட்டர், அரை மணியில் 2-லிருந்து 8 பிபிஎம், பெட்டிக்குள் 30 டிகிரி. மணிக்கு 12 பிபிஎம் என்றால் ஒரு கனமீட்டருக்கு 12 மி.லி. அதை மீத்தேனின் அடர்த்தி 0.714-ஆலும், வெப்பத் திருத்தம் 273/303-ஆலும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு மணிக்கு சுமார் 7.7 மி.கி. எக்டருக்கு நாளைக்கு 1.85 கிலோ. வெப்பத் திருத்தத்தை மறந்தால் 11% கூடிவிடும். உயரத்தைத் தரையிலிருந்து எடுத்தால் நிற்கும் நீரையும் காற்றாக எண்ணிவிடுவீர்கள்.

ஆர்-ஸ்கொயர் (புள்ளிகள் நேர்கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு) 0.9-க்குக் கீழே வந்ததையெல்லாம் நீக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. மீத்தேன் குறைவாக வரும் நாளில் நேர்கோடு அமையாது. அந்த நாட்களை நீக்கினால் பருவக் கூட்டுத்தொகை வீங்கும். உங்கள் கருவியின் குறைந்தபட்சக் கண்டறியும் அளவைக் கணக்கிட்டு, அதற்குக் கீழ் இருப்பதையும் வந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். குமிழி புகுந்தது என்று நாலு புள்ளியைப் பார்த்தாலே தெரியும் நாட்களை மட்டும் நீக்கி, எத்தனை நீக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் வாரம் ஒருமுறை மட்டும் எடுத்தால் போதாது. நீர்மட்டம் பார்க்க வயலில் பதித்த துளையிட்ட குழாயில் நீர் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கும் நாட்களில் மண்ணில் அடைபட்ட மீத்தேன் ஒரே மூச்சில் வெளியேறும், நைட்ரஸ் ஆக்சைடும் எழும்பும். நீர் வடியும் நாட்களிலும், யூரியா போட்ட பிறகு ஒரு வாரமும் தினமும் எடுங்கள்.

வானிலைப்பித்தன்: 40 கிராமங்களின் மகசூலை ஈரா-5 மழைத் தரவோடு இணைத்தேன். சரிதானே?

உலக வானிலையைக் கட்டம் கட்டமாகக் கணித்துத் தரும் ஈரா-5-இன் ஒரு கட்டம் கால் டிகிரி, ஏறக்குறைய 28 கிலோமீட்டர். உங்கள் 40 கிராமமும் எத்தனை கட்டத்தில் விழுகின்றன? ஆறு என்றால், மழையைப் பொறுத்தவரை ஆண்டுக்கு ஆறு மதிப்புகள்தான். மண்வாசத்துக்குச் சொன்ன அதே கதை. நியமப் பிழையைக் கட்டவாரியாக கிளஸ்டர் செய்யுங்கள் (ஒரே கட்டத்துக் கிராமங்களை ஒரே குழுவாக எடுத்துக் கணக்கிடுவது), ஆறே கிளஸ்டரில் அதுவும் தள்ளாடும். 0.05 டிகிரி கட்டத்தில் 1981 முதல் கிடைக்கும், செயற்கைக்கோளையும் மழைமானியையும் சேர்த்துத் தயாரித்த சர்ப்ஸ் மழைத் தரவைப் பாருங்கள். அருகில் மழைமானி இருந்தால் அதோடு ஒப்பிட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். பத்து வருடத் தரவை வைத்துக்கொண்டு "பருவநிலை மாறிவிட்டது" என்று எழுதவேண்டாம்.

தட்டும்_தராசும்: பெண்களின் உணவுப் பன்மை ஆய்வில் பத்து உணவுக் குழுவில் ஐந்து எட்டாதவர்களை "சத்துக்குறைவு" என்று குறித்திருக்கிறேன். ஆட்சேபணை வந்திருக்கிறது.

அந்தக் குறியீடு 15–49 வயதுப் பெண்கள் குழுவுக்கானது, தனிநபரைத் தரம் பிரிக்க அல்ல. ஒருநாள் நினைவுகூரலில் ஐந்து எட்டியவர் மறுநாள் மூன்றில் நிற்கலாம். "இந்தக் குழுவில் இத்தனை சதவீதம் பேர் எட்டினர்" என்று மட்டும் எழுதுங்கள். 15 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டது கணக்கில் வராது. தாளிப்பில் விழுந்த இலையைக் கீரையாக எண்ணினால் எல்லோரும் தேறிவிடுவார்கள். அறுவடை முடிந்த மாதம் மட்டும் கேட்டால் ஆண்டு முழுக்க அப்படித்தான் என்று ஆகிவிடும். பற்றாக்குறை மாதத்திலும் ஒருமுறை அதே வீடுகளுக்குப் போங்கள்.

கிலோவா_எக்டரா: கார்பன் தடத்தை எக்டருக்குக் கணக்கிட்டால் இயற்கை வேளாண்மை ஜெயிக்கிறது, கிலோவுக்குக் கணக்கிட்டால் தோற்கிறது. எதைப் போடுவது?

இரண்டையும். மகசூல் குறைந்தால் இப்படித்தான் வரும். ஒன்றை மறைத்தால் மதிப்பீட்டாளர் கண்டுபிடிப்பார். அதைவிட, கார்பன் டை ஆக்சைடைப் போல எத்தனை மடங்கு வெப்பமூட்டும் என்பதற்கு, 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேனுக்கு 28, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265 (ஐ.நா. பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை) என்று எடுத்தீர்களா, 27, 273 (ஆறாம் அறிக்கை) என்று எடுத்தீர்களா என்று பாருங்கள். ஒரு அட்டவணையில் ஒன்று, இன்னொன்றில் மற்றது என்று கலந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. உரத்திலிருந்து 1% தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறும் என்ற இயல்பு மதிப்பைப் பயன்படுத்தினால், கிடைப்பது நைட்ரஜன் எடை. 44/28-ஆல் பெருக்கினால்தான் நைட்ரஸ் ஆக்சைடு. 100 கிலோ தழைச்சத்துக்கு விடை 1.57 கிலோ, 1 கிலோ அல்ல.

வறண்ட_பருவம்: இரண்டாம் பருவம் மழை பொய்த்து பயிர் கருகிவிட்டது. அந்த ஆண்டை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். சூழல் மாற்றம் பற்றிய ஆய்வில் கருகிய பருவமும் தரவுதான். எந்த பிளாட் முதலில் வாடியது, எத்தனையாம் நாள், கதிர் பிடித்ததா, தூர் எத்தனை என்பதை அறுவடை இல்லாவிட்டாலும் எழுதிவையுங்கள். இரு பருவத்தையும் சராசரியாக்கி ஒரே எண்ணாகத் தராமல், பருவம் × முறை என்ற இடைவினையை (முறையின் விளைவு பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதை) தனியாகக் காட்டுங்கள். அந்தப் பருவத்து மண்ணையும் எடுத்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து மூடிவையுங்கள். 1843-ல் தொடங்கிய, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நீண்டகால வயல் ஆய்வுகளின் பழைய மண்ணை இன்றும் எடுத்து அளக்கிறார்கள், வைத்தவர்கள் நினைத்தே பார்க்காத கேள்விகளுக்காக. ஜாடிக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில். மார்க்கர் மை நாளடைவில் அழிந்துவிடும்.