எடை குறைந்தது, காதுக்குள் சொந்தக் குரல் முழங்குகிறது: மெஷின் வாங்கலாமா?

கேள்வி: வயது 41, பெரம்பூரில் இருக்கிறேன். ஏழு மாதம் முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைக் குறைக்கும் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோவிலிருந்து 76-க்கு வந்துவிட்டேன், சுகர் மாத்திரையும் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு மாதமாக, நான் பேசுவது சின்டெக்ஸ் தொட்டிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இடது காதில் முழங்குகிறது. மூச்சு விடுவதுகூட உஸ் உஸ் என்று கேட்கிறது. ஒரு டாக்டர் அழுக்கு என்று எடுத்துவிட்டார். இன்னொருவர் அடைப்பு என்று மூக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், தொல்லை கூடியதுதான் மிச்சம். ஆபரேஷன் செய்த இடத்தில் 'இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச காது முகாமில் 'நரம்பு வீக்' என்று சொல்லி, 38,000 ரூபாய் காது கேட்கும் மெஷினுக்கு 5,000 முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். காது போய்விடுமா?

பதில்: போகாது. நேரில் பார்க்காமல் முத்திரை குத்த முடியாதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நரம்புக் கோளாறாகவே தெரியவில்லை. மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் மூடாமல் திறந்து கிடக்கிறது என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு சுமார் 3.5 செ.மீ. நீளத்தில் ஒரு குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சாதாரணமாக அது மூடியே இருக்கும், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மட்டும் திறந்து மூடும். அதை மூடிவைப்பதில், பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு கொழுப்புத் திட்டுக்கும் பங்கு உண்டு. மளமளவென்று இளைக்கும் உடம்பு வயிறு, இடுப்பு என்று பார்த்துக் கரைவதில்லை, அந்தத் திட்டும் கரைகிறது. குழாய் வாய் திறந்து நின்றால் உங்கள் குரலும் மூச்சும் உள்வழியாகவே நேரே செவிப்பறைக்குப் போய்விடும்.

ஆபரேஷனில் யாரும் எதையும் தவறாக வெட்டிவிடவில்லை. எடைக் குறைப்பு ஊசி போட்டு இளைத்தவர்களுக்கும், டிபி வந்து இளைத்தவர்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு. ஆனால் 'சம்பந்தமில்லை' என்று கைகழுவியது சரியில்லை. பேக்கேஜ் பேசும்போது மணிக்கணக்கில் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். பிறகு புரோட்டீன் பவுடர் தீர்ந்துவிட்டதா என்று கேட்கத் தவறாமல் போன் வருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் காதைப் பற்றி ஒரு வரி எழுத மட்டும் ஆள் இல்லை. காது டாக்டர்களான எங்கள் ஆட்களும் யோக்கியமில்லை. டோக்கன் நாற்பதைத் தாண்டிய ஓ.பி.யில், 'சமீபத்தில் எடை குறைந்ததா?' என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காது முழங்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிடுங்கள். அல்லது சில நிமிடம் மல்லாந்து படுங்கள். முழக்கம் அடங்கிவிட்டால் திறந்த குழாய் என்பதற்கு அது நல்ல அடையாளம். படுத்தால் அங்கே ரத்தம் தேங்கிக் குழாய் கொஞ்சம் வீங்கி மூடிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் சுகமாக இருந்து, நடக்க நடக்கத் தொடங்குவதும் இதனால்தான். 'ம்', 'ன்' வரும் சொற்கள்தான் அதிகம் அதிரும். 'மாமனும் நானும்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'கடைத் தெரு' என்று சொல்லுங்கள், வித்தியாசம் தெரியும்.

டாக்டரிடம் போகும்போது மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, தொல்லை இருக்கும்போதே போங்கள். உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால் குழாய் மூடிக்கொண்டு எல்லாம் நார்மல் என்றாகிவிடும். வலது மூக்கை அழுத்திக்கொண்டு இடது மூக்கால் ஆழமாக மூச்சு இழுத்து விடும்போது இடது செவிப்பறை உள்ளே வெளியே அசைகிறதா என்று பார்த்தால் போதும். இதற்கு ஸ்கேன் வேண்டியதில்லை.

சொட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். ஒட்ரிவின், நாசிவியான் வகைச் சொட்டுகள் வீக்கத்தை வற்றவைப்பவை, திறந்த குழாயை இன்னும் திறந்துவிடும். சளியை வற்றவைக்கும் மாத்திரைகளும் அப்படித்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் காற்று ஊதும் பயிற்சி அடைப்பு உள்ளவர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம். உர்ரென்று மூக்கை உறிஞ்சினால் முழக்கம் சட்டென்று நிற்கும், அந்தச் சுகத்துக்குப் பழகிவிடாதீர்கள். நாள்பட உறிஞ்சினால் செவிப்பறை உள்ளே இழுபட்டுப்போய் வேறு வியாதியில் கொண்டுபோய் விடும்.

வெறும் உப்புநீர்ச் சொட்டு போடலாம். தண்ணீர் முக்கியம். ஸ்லீவ் செய்தவர்களால் சொம்போடு மடக் மடக்கென்று குடிக்க முடியாது, சென்னைக் கத்திரி வெயிலில் குழாய் வறண்டுபோவதும் அதனால்தான். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி விட்டு, நாள் முழுக்க வாய் வாயாகக் குடியுங்கள். பில்டர் காபியை ஒன்றோடு நிறுத்துங்கள். எடை ஒரு நிலைக்கு வந்தபின் பலருக்கு இது தானே தணிவதுண்டு. பழைய புத்தகங்கள் இதற்கு எடையைக் கூட்டச் சொல்லும். சுகர் மாத்திரை நின்றவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காது வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக், புரூபென் வாங்கி விழுங்காதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு, அது வயிற்றைப் புண்ணாக்கும். வாந்தி நிற்காமல் நடை தள்ளாடினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அது காதுத் தலைசுற்றல் அல்ல, வைட்டமின் பி1 தீர்ந்த அவசரம். உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, அல்லது ஓரிரு நாளில் மங்கிப்போனது என்றால் மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. உங்களுடையது சத்தம் அதிகமாகக் கேட்கிற தொல்லை. இது கேட்காமல் போகிற தொல்லை, நரம்பைத் தாக்குவது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்து முனகுங்கள். சத்தம் மந்தமான காதில் பெரிதாகக் கேட்டால் அழுக்கோ அடைப்போ இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஓடினால் நரம்பாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தாலும் அன்றைக்கே காது டாக்டரிடம் போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். ஸ்டீராய்டு முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல பலன், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 'தானாகச் சரியாகும், சுடுதண்ணீர் ஆவி பிடி' என்று பக்கத்து வீட்டில் சொல்லும் அந்த ஒரு வாரம்தான் கேடு. இரைப்பை ஆபரேஷன் ஆனதையும், முன்பு சுகர் இருந்ததையும் அங்கே கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை வயிற்றுக்கு ஆகாது என்றால் செவிப்பறை வழியாக ஊசியாகவும் கொடுக்கலாம்.

இனி மெஷின். திறந்த குழாய்க்கு அது வேண்டாம், கெடுதலும்கூட. காதுத் துவாரத்தை அடைத்தால் சொந்தக் குரல் இன்னும் முழங்கும். முகாமில் சோதித்தவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். மெஷின் விற்பவரே காதைச் சோதித்தால் யார் காதுதான் தேறும்? குழாய்க்கு 'பலூன்' வைக்கலாம் என்று யாராவது பெரிய எஸ்டிமேட் நீட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள். பலூன் மூடிய குழாயைத் திறக்க, உங்களுடையது ஏற்கெனவே திறந்திருக்கிறது. பணம் பிரச்சினை என்றால் சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் காது, மூக்கு, தொண்டைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். வரிசைக்குப் பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

முன்பணம் 5,000-க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால், புதிதாக எடுத்த ஆடியோகிராமின் நகலை இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.