பார்வை போன கண்ணை எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் ஷிட்சு நாய்க்கு 13 வயது. ஒரு வருடமாக இரண்டு கண்ணும் தெரியவில்லை. இப்போது இடது கண் வீங்கிச் சிவந்திருக்கிறது. கிளினிக்கில் கண்ணையே எடுக்கச் சொல்கிறார்கள். இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா? குருட்டு நாயை ஏன் வதைக்கிறாய் என்று மாமியார் கோபப்படுகிறார்.
வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, தெரியாத கண்ணும் வலிக்கும். பார்வைக்கு ஒரு நரம்பு, வலிக்கு வேறொரு நரம்பு. மாமியாரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

நாயின் கண்ணுக்குள் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 25 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும். கண் அழுத்த நோயில் அது 50ஐயும் தாண்டலாம். மனிதனுக்கு அப்படி ஏறினால் தலைவலியில் வாந்தி எடுப்பான். நாய் கத்தாது. நாள் முழுக்கப் படுத்திருக்கும், சோற்றைப் பாதியில் விடும், தலையைத் தொட்டால் ஒதுங்கும். நாம் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுகிறோம்.

அழுத்தத்தை அளந்தார்களா? ஒரு நிமிட வேலை அது. ஆனால் கருவி இல்லாத கிளினிக்குகள் இன்னும் இருக்கின்றன. சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து வேறு இடம் போகச் சொல்வார்கள். அந்த மூன்று வாரமும் வலியைத் தாங்குவது நாய்தான். எனக்கு ஆத்திரமாக வருகிறது. போனிலேயே கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது.

அழுத்தம் ஏறி, மருந்துக்கும் இறங்காவிட்டால் எடுத்துவிடுங்கள். வயது ஒரு நோயல்ல. இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் உண்டா என்ற சோதனை, இவை முன்னதாக நடக்கட்டும். ஷிட்சு மூக்கு சப்பையான இனம் என்பதால், முழுதாக விழிக்கும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று விற்பவர்களிடம் ஒரு ரிங்கிட் கூடக் கொடுக்காதீர்கள். புரையைக் கரைக்கும் சொட்டு எதுவும் கிடையாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே ஓட்டையாகிவிடலாம். வீட்டுக்கே ஆள் அனுப்பி மலிவாக முடித்துத் தருகிறேன் என்னும் தரகர்களையும் நம்ப வேண்டாம். மலேசியாவின் 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். நடப்பு ஆண்டுக்கான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

அறுவை வேண்டாம், கண்ணுக்குள் ஓர் ஊசி போட்டால் நீர் சுரப்பது நின்று அழுத்தம் இறங்கும் என்றும் சிலர் சொல்வார்கள். அது உண்மையான சிகிச்சைதான், மயக்க மருந்தே தாங்காத நாய்க்கு உதவும். ஆனால் கிழட்டு நாயின் கண்ணில் அழுத்தம் ஏற உள்ளே ஒரு கட்டியும் காரணமாக இருக்கலாம். அந்தக் கண்ணில் ஊசி போட்டால் அழுத்தம் இறங்கும், கட்டி உள்ளேயே வளரும். ஸ்கேன் பார்த்து, கட்டி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் ஊசி. சந்தேகம் இருந்தால்கூட வேண்டாம். இதே காரணத்துக்காக, எடுத்த கண்ணையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க அதை விட்டுவிடாதீர்கள்.

இமையைத் தைத்துவிடுவார்கள். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். அதுவரை கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு இருக்கட்டும். முதல் சில நாள் மூக்கிலிருந்து லேசாக இரத்தம் கலந்த நீர் வரலாம், பயப்படாதீர்கள். நிற்காமல் கொட்டினால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

வலது கண்ணின் அழுத்தத்தையும் அன்றைக்கே அளக்கச் சொல்லுங்கள்.